கோப்பியும் கொப்பியும்: நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பற்றித் திருகோணமலைக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

மகாவலி கங்கை மலைநாட்டிலே பிறந்து, ஏறக்குறைய 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலுடன் கலக்கின்றது. அதன் கிளையாகிய வெருகலாற்றின் நீரே அல்லைக் குளத்தின் வழியாகச் சேருவில, மூதூர்ப் பகுதி வயல்களுக்குப் பாய்கின்றது. ஆதலால் மலைநாட்டு நிலத்தில் எது நிகழினும், அதன் பயனில் ஒரு பங்கு காலந்தாழ்த்தியேனும் நமது மாவட்டத்தை வந்தடையும். அம்மலைச் சரிவுகளிலே காட்டை வெட்டி ஒரே பயிராகப் பெருமளவிற் செய்யப்பட்ட முதற் பயிர் கோப்பி. நெல்லும் காய்கறியும் செய்வோருக்கென எழுதப்பட்ட இப்பிரசுரம் கோப்பியிலிருந்து தொடங்குவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். அப்பயிர் அழிந்த வரலாற்றிலும், இன்று அது பிற நாடுகளில் விற்கப்படும் முறையிலும், நமது கத்தரித் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் வேண்டிய படிப்பினைகள் உள்ளன.

கோப்பி அழிந்த விதம்

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள கோப்பிச் செடிகளின் இலைகளின் கீழ்ப்புறத்திலே செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவிலிருந்து மாதிரி இலைகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. இது முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு என அங்கே கண்டறிந்து, அதற்குப் பெயரும் இட்டனர். துருப்பிடித்தது போலத் தோன்றியமையால் இலைத்துரு நோய் என அது வழங்கலாயிற்று. நோய்கொண்ட இலை உதிரும். இலை உதிர்ந்த செடியிற் காய் திரளாது.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், தோட்டக்காரர் நெடுங்காலம் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றது. புதிய காடுகள் வெட்டப்பட்டுப் புதிய நிலங்களும் பயிருக்கு வந்தன. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் கோப்பி நின்றது. ஏக்கருக்குரிய விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டிருக்க, கையில் வந்த பணம் குறையாதபடியால் குறை கண்ணுக்குத் தெரியவில்லை. மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் 1880 இல் இங்கு வந்து இரண்டாண்டுகள் ஆராய்ந்தார். நோயின் வித்திகள் காற்றினாற் பரவி இலைமீதுள்ள நீர்த்துளியில் முளைக்கின்றன என அவர் விளக்கினார். காற்றைத் தடுக்கும் மரங்களின்றி மலை முழுவதும் ஒரே பயிரை நட்டமை நோய்க்குப் பெருந்துணையாயிற்று என்றும் எடுத்துக்காட்டினார். அவ்விளக்கம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1870 இல் 10 கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதி செய்த இலங்கை, 1889 அளவில் அரைக்கோடி இறாத்தல் அளவையே எட்டியது. அதன்பின் தேயிலை வந்ததும், அதனால் நாட்டின் நிலையும் மக்களின் வாழ்வும் மாறியதும் யாவரும் அறிந்தவையே.

ஒரு தோட்டத்தின் நிலையை விற்பனை விலையைக் கொண்டு மட்டும் அளப்பவர் ஏமாறுவர். ஒவ்வொரு துண்டு நிலத்திலும் எவ்வளவு இட்டோம், எவ்வளவு பெற்றோம் என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டிருந்தால், கோப்பியின் வீழ்ச்சி பத்தாண்டு முன்னரே புலப்பட்டிருக்கும். கோப்பிக்கு இல்லாமற் போனது ஒரு கொப்பி என்று வேடிக்கையாகச் சொல்வதிலும் உண்மை உண்டு.

குறி பொறித்த கோப்பி

சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் கோப்பி செய்யும் சிறு கமக்காரருக்கு வேறொரு துன்பம் நேர்ந்தது. உலகக் கோப்பி வணிகத்தை ஒழுங்குபடுத்திவந்த சர்வதேச உடன்படிக்கையின் பங்கீட்டு முறை 1989 இற் செயலிழந்தது, விலை சரிந்தது. அதற்குச் சற்று முன்னர், 1988 இல், மெக்சிக்கோ நாட்டின் ஒவாகாக்கா மலைப்பகுதிச் சிறு கமக்காரரின் கூட்டுறவுச் சங்கமொன்றின் கோப்பி, நெதர்லாந்து நாட்டில் ஒரு தனிக் குறியுடன் கடைகளுக்கு வந்திருந்தது. இது யாரால், எவ்வாறு விளைவிக்கப்பட்டது என்பதை வாங்குபவர் அறியலாம் என்பதே அக்குறியின் பொருள். பின்னர் காடழியாமை, நிழல் மரங்கள், தொழிலாளர் நலம், நாசினிப் பாவனை ஆகியவற்றை நோக்கும் வேறு பல சான்றிதழ்களும் தோன்றின. அவற்றுட் பெரியவையாகிய மழைக்காட்டுக் கூட்டணியும் உட்ஸ் அமைப்பும் 2018 இல் ஒன்றாயின.

2023 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 ஆம் ஆண்டின் முடிவுக்குப் பின்னர் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த கோப்பியை அவ்வொன்றியத்தில் விற்கவியலாது என்றும், விளைந்த நிலத் துண்டு இன்னதென இடக்குறிப்புடன் காட்டவேண்டும் என்றும் அது கூறுகின்றது. அதனை நடைமுறைப்படுத்துவது ஒருமுறைக்கு மேற் பின்போடப்பட்டபோதிலும், அதன் போக்கு தெளிவானது. முன்னர் பொருளின் நிறத்தையும் பருமனையும் பார்த்து வாங்கியவர், இப்போது அது விளைந்த வரலாற்றையும் கேட்கின்றார். அவ்வரலாற்றை எழுத்திற் காட்டக்கூடியவனிடம் வாங்குபவர் வருகின்றார். காட்டவியலாத சிறு கமக்காரன், நேர்மையாளனாயிருப்பினும், புறத்தே நிறுத்தப்படுகின்றான். இது நியாயமா என்று வாதிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் வாதம் முடியும்வரை சந்தை காத்திராது.

காய்கறிக்கு வந்த சான்றிதழ்

காய்கறி, பழவகைகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. ஐரோப்பியக் கடைக்காரர் 1997 இற் கூடி நல்ல விவசாய நடைமுறைகளுக்கு ஒரு பொது விதியை ஏற்படுத்தினர். 2007 முதல் அது உலகளாவிய பெயருடன் வழங்குகின்றது. இலங்கையிலே விவசாயத் திணைக்களம் நமது நாட்டுக்கேற்ற நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடக்கியது. பழங்கள், காய்கறிகளுக்கான நியமத்தை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2016 இல் 1523 என்னும் இலக்கத்தின் கீழ் வெளியிட்டது. கோப்பிக்கு அயல்நாட்டார் வகுத்த விதிகளைப் போலன்றி, இது நமது மண்ணையும் போகங்களையும் அறிந்தோர் வகுத்தது. உள்நாட்டில் உண்போருக்கும் உரியது.

இது சேதனச் செய்கை அன்று

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது கமக்காரரிற் பலர் 2021 ஆம் ஆண்டை நினைக்கின்றனர். அவ்வாண்டு சித்திரை, வைகாசி மாதங்களில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கார்த்திகை மாதத்தில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. யூரியா இன்றி மஞ்சளித்து நின்ற வயல்களையும், அப்போகத்தின் விளைச்சல் வீழ்ந்ததையும் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் எவரும் மறந்திரார். அந்த அனுபவத்தினாற் புதிய சொல் எதனையும் ஐயத்துடன் நோக்குவோரைக் குறைகூறுதல் தகாது.

ஆனால் இச்சான்றிதழ் வேறு. இரசாயனப் பசளையைக் கைவிடுமாறு இது கேட்கவில்லை. வேண்டிய அளவில், வேண்டிய வேளையில் இடுமாறும், இட்டதை எழுதிவைக்குமாறும் கேட்கின்றது. பதிவுசெய்யப்பட்ட நாசினியைச் சிபாரிசின்படி தெளிக்கலாம். தெளித்தபின் உரிய நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யலாகாது. இதிற் சேருவது கமக்காரரின் சொந்த விருப்பத்தைப் பொறுத்தது.

நாசினியும் காத்திருக்கும் நாட்களும்

கத்தரிச் செய்கையை எடுத்துக்கொள்வோம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவே அதன் பெரும்பகை. அந்துப்பூச்சி இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு விரைவிலேயே இளந்தண்டுக்குள் அல்லது காய்க்குள் புகுந்துவிடுகின்றது. உள்ளே புகுந்த புழுவை மேலே தெளிக்கும் மருந்து சென்றடையாது. இதை அறியாமல், துளைவிழுந்த காயைக் கண்டவுடன் அளவைக் கூட்டித் தெளிப்போர் உளர். மாலையில் தெளித்து மறுநாட் காலையிற் காயைப் பிடுங்கிச் சந்தைக்கு அனுப்புவோரும் உளர். இவ்வாறு செய்வதால் மருந்துச் செலவு கூடுகின்றது, புழு குறைவதில்லை, உண்பவர் வயிற்றுக்கு நஞ்சு செல்கின்றது. அக்காயிலொன்று நமது வீட்டுக் கறிச்சட்டிக்கும் வந்து சேரும்.

வாடித் தொங்கும் நுனித்தண்டுகளைக் கிழமைதோறும் ஒடித்து, துளைவிழுந்த காய்களுடன் சேர்த்து எரித்தல் அல்லது ஆழப் புதைத்தல் வேண்டும். ஆண் அந்துப்பூச்சியைக் கவரும் பெரமோன் பொறிகளை வைக்கலாம். பழைய கத்தரிச் செடிகளைப் பிடுங்காது விட்டு அருகே புதிய நாற்று நடுதல் புழுவுக்கு விருந்து வைத்ததற்கு ஒப்பாகும். அயலவர் அனைவரும் சேர்ந்து செய்தாலன்றி இம்முறைகள் முழுப்பயன் தாரா என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்துப்பூச்சிக்கு வேலி தெரியாது.

தெளிக்க நேர்ந்தால், போத்தலின் சிட்டையில் அறுவடைக்கு முன் காத்திருக்கவேண்டிய நாட்கள் எத்தனை என்று பார்த்து அதன்படி நடத்தல் வேண்டும். நமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்யப்படாத நாசினி எதனையும் விற்றலாகாது. மொனோகுரோட்டோபொஸ், மெதமிடொபொஸ் ஆகியன 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. பின்னர் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் என்பன படிப்படியாக நீக்கப்பட்டன. இவற்றால் நேர்ந்த உயிரிழப்புகளே இத்தடைகளுக்கு முதற்காரணம். சிட்டையற்ற போத்தலில், வேறு மொழிச் சிட்டையுடன், அல்லது கடைக்காரர் ஊற்றிக் கொடுக்கும் மருந்தை வாங்குவோர் எதனை வாங்குகின்றனர் என்பதை அறியார். சான்றிதழ்ப் பரிசோதனைக்கு வருபவர் முதலிற் கேட்பது அப்போத்தலையும் வாங்கிய பற்றுச்சீட்டையுமே.

வெறும் போத்தல்களை வாய்க்காலில் எறிதலும், அவற்றில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தலும் முற்றாகத் தவிர்க்கத்தக்கன. மூன்றுமுறை கழுவி, கழுவிய நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டு ஒதுக்கி வைத்தல் வேண்டும். நாசினி வைக்கும் பெட்டிக்குப் பூட்டு இருத்தல் அவசியம்.

கிணற்று நீர்

நமது மாவட்டத்தின் உள்நிலம் ஒரு தன்மையது; இலங்கைத்துறை தொடக்கம் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரையுள்ள கரையோர நிலம் வேறொரு தன்மையது. கரையோர மணல் பசளையைப் பிடித்துவைக்க மாட்டாது. இன்று இட்ட யூரியா, நாளை பாய்ச்சிய நீருடன் வேருக்குக் கீழே சென்று, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. வெங்காயத்துக்கு இறைக்கும் கிணறும் வீட்டார் குடிக்கும் கிணறும் ஒன்றாகவோ அருகருகாகவோ இருப்பது இங்கு வழக்கம்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டியின் மணல் நிலத்திலும் யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்திலும், செறிவான காய்கறிச் செய்கையுள்ள இடங்களிற் பல கிணறுகள் இவ்வரம்பைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அந்நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து, உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. நீரைக் கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரிற் கண்ணுக்கோ நாவுக்கோ எந்த வேறுபாடும் தெரியாது என்பதே இதிலுள்ள பெருங்கேடு.

சான்றிதழ் பெற விரும்புவோர் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். சான்றிதழ் வேண்டாம் என்பவரும் இதை மட்டுமாவது செய்தல் நன்று. பசளையை ஒரே தடவையில் அள்ளி இடாது பல தடவைகளாகப் பிரித்து இடுதல், நன்கு மக்கிய கூட்டெருவை மணலுடன் கலத்தல், வேர்மட்டத்துக்கு மேல் நீர் தேங்கி வழியாதபடி அளவாக இறைத்தல் ஆகியவற்றால் யூரியாவுக்குச் செலவிட்ட பணம் கிணற்றுக்குப் போகாமற் பயிருக்குப் போகும். பச்சைச் சாணத்தையும் மக்காத கோழி எருவையும் கீரைப் பாத்தியில் இடுதலாகாது. அவற்றிலுள்ள நோய்க்கிருமிகள் சமைக்காது உண்ணும் இலைகளுடன் செல்லும்.

நெல் வயலில்

சந்தையிற் சான்றிதழின் பயன் இன்று காய்கறியிலேயே கூடுதலாகத் தெரிகின்றது. நெல்லுக்கு அதன் நடைமுறைகள் தாமே இலாபந் தருவன என்பதால் இங்கே சுருக்கமாகக் கூறுவோம். விதைத்து முதல் நாற்பது நாட்களுக்குள் இலையைத் தின்னும் பூச்சிகளைக் கண்டு அஞ்சி மருந்தடிப்பது பெரும்பாலும் வீண். பயிர் அவ்விழப்பை ஈடுசெய்துகொள்ளும். அம்மருந்து வயலிலுள்ள சிலந்திகளையும் ஏனைய நன்மைப் பூச்சிகளையும் கொன்றுவிட, பின்னர் வரும் கபிலநிறத் தத்தியைத் தடுக்க எவரும் இலர். யூரியாவை மிகையாக இட்ட வயலைத் தத்தி விரும்பும். வட்டவட்டமாக எரிந்தது போன்ற வயலைக் கண்டபின் மருந்துக்கு ஓடுவதிலும், கிழமைக்கொருமுறை பயிரின் அடித்தண்டை விலக்கிப் பார்ப்பது செலவு குறைந்தது.

வைக்கோலை எரிப்போர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகின்றது. அதை வயலிற் பரப்பி உழுதால், கடையில் வாங்கும் பசளையில் ஒரு பங்கு மீதமாகும். நெல்லைத் தார் வீதியிற் காயவைப்பதாற் கல்லும் எண்ணெயும் கலப்பதுடன், வாகனச் சில்லினால் மணி வெடித்துக் குறுணலும் கூடுகின்றது. நெற் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈரப்பதன் 14 வீதம்; படங்கு விரித்துக் காயவைத்தாலும் அதனை எட்டலாம்.

எழுதிவைத்தல்

மேற்கூறியவற்றைப் பலர் முன்னரே செய்துவருகின்றனர். அவர்களுக்குக் குறைவது எழுத்து மட்டுமே. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசெல்லும் அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். முதற்பக்கத்திற் காணியின் படம் கையால் வரையப்படலாம்: கிணறு எங்கே, மலசலகூடம் எங்கே, எருக்கும்பம் எங்கே, எந்தப் பாத்தியில் என்ன பயிர், சென்ற போகத்தில் அங்கே என்ன நின்றது. அடுத்து, விதை எங்கு வாங்கப்பட்டது, நட்ட நாள். பின் பசளை இட்ட நாளும் அளவும். நாசினி தெளித்த நாளெனின், அதன் பெயர், எப்பீடைக்காக, தொட்டி ஒன்றுக்கு எவ்வளவு, தெளித்தவர் யார், எந்நாள்வரை காய் பிடுங்கலாகாது. இறுதியாகப் பிடுங்கிய அளவு, விற்ற இடம், விலை, தரக்குறைவென ஒதுக்கப்பட்ட அளவு.

செய்த அன்றே எழுதுதல் வேண்டும். போகமுடிவில் ஒரே பேனையால் ஒரே மூச்சில் எழுதிய கொப்பியைப் பரிசோதகர் முதற்பக்கத்திலேயே இனங்கண்டுகொள்வார். எழுதப் பழக்கமில்லாதவர் வீட்டுப் பிள்ளையைக்கொண்டு எழுதுவிக்கலாம். பல வீடுகளிற் காய் பிடுங்குவதும் தரம்பிரிப்பதும் பெண்களின் கையில் இருப்பதால், கொப்பியும் அவர்கள் கையில் இருப்பது பொருத்தம் என்பது எமது எண்ணம். இரண்டு போகங்களுக்கு எழுதினாற் போதும். எந்தப் பாத்தி உழைத்துத் தருகின்றது, எந்தப் பாத்தி மருந்துக்கடைக்கே உழைக்கின்றது என்பது தெரிந்துவிடும்.

விலை கூடக் கிடைக்குமா?

இக்கேள்விக்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுதல் முறை. சான்றிதழ் பெற்ற கத்தரியும் பெறாத கத்தரியும் தம்புள்ளைச் சந்தையில் ஒரே குவியலிற் கொட்டப்படுமாயின், விலை ஒன்றே. மூட்டையை அவிழ்த்துக் கொப்பியை வாசிக்கும் வியாபாரி அங்கு இல்லை. சான்றிதழுக்கு மதிப்பு அளிப்போர் வேறு: பெருநகரங்களின் பல்பொருள் அங்காடிகள், ஏற்றுமதி செய்வோர், நமது கரையோரத்திலுள்ள உல்லாச விடுதிகள் ஆகியோர். அவர்கள் கிழமைதோறும் ஒரே தரத்தில், தவறாமற் கேட்பர். அரை ஏக்கர் தனிக் கமக்காரரால் அதைக் கொடுக்க இயலாது. மெக்சிக்கோக் கோப்பிக்காரரும் தனித்தனியே விற்கவில்லை. சங்கமாகச் சேர்ந்தே விற்றனர். ஆகையால் ஒரே வாய்க்காலின் கீழோ, ஒரே ஒழுங்கையிலோ உள்ள பத்துப் பதினைந்து பேர் கமக்காரர் அமைப்பின் ஊடாக ஒன்றுசேர்ந்து, முதலில் வாங்குபவரைக் கண்டு பேசி, பின்னர் பயிரைத் தீர்மானித்தல் அறிவுடைமை. சான்றிதழைப் பெற்றபின் வாங்குபவரைத் தேடுவது, வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டுவதாகும்.

குழுவிற்கு ஓர் இடரும் உண்டு. ஒருவர் காத்திருக்கும் நாட்களைப் பொருட்படுத்தாது பிடுங்கினால், எச்சநஞ்சுப் பரிசோதனையில் தவறுவது எல்லோருடைய பெயரும். எனவே கண்ணோட்டத்துக்காக எவரையும் குழுவிற் சேர்த்தலாகாது.

மற்றைய இலாபம் சேதக் குறைவில் உள்ளது. சாக்கிற் திணித்து லொறியில் ஏற்றிய தக்காளியிற் கணிசமான பகுதி வழியிலேயே நசுங்குவதை யாவரும் கண்டிருப்பர். பிளாஸ்ரிக் கூடையில், நிழலில் வைத்து, காலைக் குளிர்ச்சியிற் பிடுங்கி அனுப்பினால் அச்சேதம் வெகுவாகக் குறையும். இதற்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

தொடங்கும் காலம்

விருப்பமுள்ளோர் தமது கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் பெயரைப் பதிதல் வேண்டும். அவர் காணியைப் பார்வையிட்டுக் குறைகளைச் சொல்வார். திருத்தியபின் பரிசோதகர் வருவர். ஒருமுறை பெற்ற சான்றிதழ் என்றென்றைக்கும் உரியதன்று. பரிசோதனை மீண்டும் மீண்டும் உண்டு. வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், கிணற்று நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் புரட்டாதி மாதத்தில் நீர் மாதிரியை எடுத்தல் நன்று. தூய போத்தலைக் கிணற்று நீராலேயே இரண்டு மூன்று முறை அலசி நிரப்பி, வெயில் படாது, அன்றே போதனாசிரியரிடம் கொடுத்தல் வேண்டும். நோய்க்கிருமிப் பரிசோதனைக்குரிய போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே பெற்று, அலசாது நிரப்புதல் வேண்டும். கொப்பியின் முதற்பக்கத்தில் அந்நாளையும் கிணற்றின் ஆழத்தையும் குறித்துக்கொள்க.